வேலை தெரிஞ்ச பசங்களுக்கு ரிப்போர்ட் எழுத எப்படி சொல்லிக் குடுக்குறது?

அதிர்வுமானி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. மெஷின்களோட கண்டிஷன் பாத்து ரிப்போர்ட் குடுக்குற டீம்ல லீடா இருக்கேன், எனக்குக் கீழ ஏழு பேரு. வேலையில ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது, சத்தத்தை வெச்சே எந்தப் பக்கத்து பேரிங்னு சொல்லிடுவாங்க, ரீடிங் எடுக்குறதுல அவ்வளவு சுத்தம். ஆனா அதே ஆளுங்க எழுதின ரிப்போர்ட்டைப் படிச்சா என்ன சொல்ல வர்றாங்கன்னே பிடிபட மாட்டேங்குது.

இப்ப ஏன் கேக்குறேன்னா, போன மாசம் ஒரு பம்ப் ரிப்போர்ட் போச்சு. படிச்ச ஷிஃப்ட் இஞ்சினியர் பெருசா ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு ஓட விட்டுட்டார். நாலு நாள்ல பேரிங் போயி ஷாஃப்டும் சேர்ந்து அடிவாங்கிடுச்சு. நல்லவேளை ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான் போயி ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தா எல்லாமே அதுல இருக்கு, ஆனா மூணாவது பக்கத்துல, ஒரு டேபிளுக்குக் கீழ. முதல் பக்கத்துல இருந்தது இதுதான்:

"மேற்படி பம்ப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, உரிய நடைமுறைகள் பின்பற்றப்பட்டு, பல்வேறு இடங்களில் அளவீடுகள் எடுக்கப்பட்டன. சில இடங்களில் அதிர்வு சற்று அதிகமாக இருப்பது கண்டறியப்பட்டது. தகுந்த நடவடிக்கை எடுக்கப்படுவது நல்லது."

எழுதின பையன் அழாத குறை. அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலைங்கறதுதான் உண்மை. ரெண்டு நாள் ட்ரெயினிங்குக்கு அனுப்பிப் பாத்தேன், இலக்கணம், லெட்டர் ஃபார்மட், ஈமெயில் மரியாதைன்னு சொல்லிக் குடுத்து அனுப்பிட்டாங்க, ரிப்போர்ட் அப்படியேதான் இருக்கு. இப்ப தினமும் ராத்திரி எல்லாத்தையும் நானே திருத்தி எழுதிட்டிருக்கேன், இது ரொம்ப நாள் ஓடாது. இதை உருப்படியா சொல்லிக் குடுத்த அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பட்டறை டீச்சர் எழுதியது:

தம்பி, பதினாறு வருஷமா டெக்னிக்கல் பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுக்குறேன். முதல்ல ஒண்ணு கேளுங்க, அவங்க ரிப்போர்ட்டை நீங்க திருத்தி எழுதுறதை இன்னைக்கே நிறுத்துங்க. நீங்க எழுதினா உங்க கைதான் தேறும், அவங்க கை அப்படியே இருக்கும். அதோட, எப்படியும் சார் திருத்திடுவார்னு அவங்களுக்குத் தெரிஞ்சுட்டா கடைசி வரைக்கும் யோசிக்கவே மாட்டாங்க. சிவப்புப் பேனாவை வெச்சுட்டு பக்கத்துல "படிச்சேன், பம்பை நிறுத்தணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல"ன்னு மட்டும் எழுதித் திருப்பிக் குடுங்க. படிக்கிறவனுக்கு எங்க தடுக்குதுன்னு காட்டுறது உங்க வேலை. சரி பண்றது அவங்க வேலை.

ரெண்டாவது, நீங்க குடுத்த அந்தப் பத்தியைப் பாருங்க. அதுல இலக்கணத் தப்பு ஒண்ணுகூட இல்ல. அதனாலதான் இலக்கண ட்ரெயினிங் அதைத் தொடவே இல்ல. 2007ல ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின்னு ரெண்டு பேரு, 4 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை வெச்சு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தாங்க. எழுதுறதுக்கு முன்னாடி திட்டம் போடுறது, எழுதினதைத் திருத்துறது, இதையெல்லாம் படிப்படியா சொல்லிக் குடுத்த இடத்துல நல்ல பலன், 0.82 (எஃபெக்ட் சைஸ்னு சொல்வாங்க, அந்தப் பயிற்சி இல்லாதவங்களோட ஒப்பிட்டா எழுத்து எவ்வளவு தேறிச்சுங்கற அளவு, பூஜ்யம்னா வித்தியாசமே இல்ல). சுருக்கி எழுதுற பயிற்சிக்கும் அதே 0.82. கூடி உக்காந்து எழுதினதுக்கு 0.75. இலக்கணத்தைத் தனியா நடத்தினதுக்கு மைனஸ் 0.32, அதாவது ஒப்பிட்டவங்களை விடக் கீழ. அது பள்ளிக்கூடப் பிள்ளைங்க, உங்க ஆளுங்க பெரியவங்க, அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனா நான் வகுப்புல பாத்ததும் இதே திசையிலதான் இருக்கு.

அந்தப் பையனைக் கூப்பிட்டு பேப்பரை மூடச் சொல்லிட்டு "என்னப்பா ஆச்சு அந்தப் பம்புக்கு?"ன்னு வாயால கேளுங்க. "சார் ரெண்டாம் நம்பர் பம்ப் டிரைவ் எண்ட் (மோட்டார் பக்கத்து) பேரிங் போகப்போவுது சார், உடனே மாத்தணும், அதிர்வு 7.8ல நிக்குது, போன மாசம் 3.1தான் இருந்துச்சு"ன்னு ஒரே மூச்சுல சொல்லுவான். அதாங்க ரிப்போர்ட்டோட முதல் வரி! வாயில வர்றப்ப சரியா வர்றது பேப்பருக்குப் போறப்ப ஏன் "கண்டறியப்பட்டது" ஆகுதுன்னு கேட்டா, எழுத்துன்னா கம்பீரமா இருக்கணும்னு சின்ன வயசுல இருந்தே பழக்கி விட்டுட்டோம். தமிழ்ல வினைமுற்றைப் பாத்தாலே ஆள் தெரிஞ்சிடும், "அளந்தேன்"னா நான், "அளந்தார்"னா அவர். "அளக்கப்பட்டது"ன்னு எழுதினதும் ஆளே காணாமப் போயிடுறார். அளவீடு தப்பா இருந்தா யாரைக் கேக்குறது? செயப்பாட்டு வினையே கூடாதுன்னு சொல்லல, "வால்வு மூடப்பட்டிருந்தது"ன்னு நிலைமையைச் சொல்றப்ப அது சரியான சொல்தான். யார் செய்யணும்ங்கறதை மறைக்கிற இடத்துலதான் ஆபத்து. "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படுவது நல்லது", இதுல யாரு, என்ன, எப்ப, மூணுமே இல்ல பாருங்க.

எங்க வகுப்புல அதே பத்தி இப்படி ஆயிருக்கும்:

"2ஆம் எண் பம்பின் டிரைவ் எண்ட் பேரிங்கை 48 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். அதிர்வு இன்று நொடிக்கு 7.8 மில்லிமீட்டர். போன மாதம் 3.1. நிறுத்த வேண்டிய வரம்பு 7.1. பேரிங் வெப்பம் 64 டிகிரியில் இருந்து 82 டிகிரி செல்சியஸ் ஆகியிருக்கிறது. மாற்றும் வரை 1ஆம் எண் பம்பை ஓட்டவும்."

படிக்கிறவர் இதோட நிறுத்திட்டாக்கூட பம்ப் பிழைச்சுக்கும். அளந்த முறை, கருவி, மத்த ரீடிங் எல்லாம் பின்னாடி வரட்டும், வேணுங்கறவங்க தேடிப் படிப்பாங்க.

ஒரு பயிற்சி சொல்றேன், நான் எல்லா பேட்ச்சுக்கும் முதல் வாரமே செய்யுறது. ரெண்டு பேரை முதுகுக்கு முதுகு உக்கார வைப்பேன். ஒருத்தர் கையில நட்டு, போல்ட், வாஷர், ரெண்டு பிளேட் சேர்த்து மாட்டின ஒரு சின்ன அமைப்பு, இன்னொருத்தர் கிட்ட அதே சாமான்கள் உதிரியா. முதல் ஆள் எழுதித்தான் குடுக்கணும், பேசக்கூடாது. அவர் எழுதினதைப் படிச்சு மத்தவர் மாட்டணும். "வாஷரைப் போட்டு இறுக்கவும்"னு எழுதியிருப்பாங்க, எந்தப் பக்கம், தலைப் பக்கமா நட்டுப் பக்கமான்னு இருக்காது, இவர் தப்பான பக்கம் போட்டுடுவார். அதைப் பாத்ததும் எழுதினவர் முகத்துல தெரியும் பாருங்க, அதுக்கப்புறம் நான் சொல்ல ஒண்ணுமே இருக்காது. தன் எழுத்து இன்னொருத்தர் கையில என்ன ஆகுதுன்னு கண்ணால பாக்கணும், அதுதான் பாடம்.

ஆறாம்_பிரிவு எழுதியது:

டீச்சரம்மா சொன்னது நூத்துக்கு நூறு. மூணாவது பக்கத்துல டேபிளுக்குக் கீழ இருந்துச்சுன்னு படிச்சதும் எனக்கு நாசாவோட கொலம்பியா விண்கலம்தான் ஞாபகம் வந்துச்சு. 2003 ஜனவரி 16ஆம் தேதி கிளம்புறப்ப எரிபொருள் டேங்க்ல இருந்து ஒரு ஃபோம் துண்டு பிஞ்சு வந்து இடது இறக்கையில அடிச்சது. விண்கலம் மேல சுத்திட்டிருக்கும்போதே இஞ்சினியர்கள் அதை ஆராய்ஞ்சு ஸ்லைடு போட்டு மேல உள்ளவங்களுக்குக் குடுத்தாங்க. அந்த ஒரு ஸ்லைடை விசாரணைக் குழு பின்னாடி தனியா எடுத்துப் பேசுற அளவுக்கு ஆச்சு. தலைப்பைப் படிச்சா பயப்பட ஒண்ணும் இல்லைங்கற மாதிரி ஒரு தொனி. அதுக்குக் கீழ புள்ளி, அதுக்குள்ள புள்ளி, அதுக்குள்ள இன்னும் ஒரு புள்ளின்னு இறங்கிட்டே போகுது, கடைசியில அடியில ஒரு வரி, அடிச்ச துண்டு 1920 கன அங்குலம், டெஸ்ட்ல பயன்படுத்தினது 3 கன அங்குலம்.

நிறுத்தி யோசிச்சுப் பாருங்க, 640 மடங்கு. அதாவது கையில இருக்கிற டெஸ்ட் டேட்டாவை வெச்சு இந்த அடியைப் பத்தி ஒண்ணுமே சொல்ல முடியாதுன்னு அர்த்தம். அந்த 640ங்கற எண்ணை யாரும் போடல, ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு கணக்கைப் படிக்கிறவர் தலையில விட்டுட்டாங்க. "சிக்னிஃபிகன்ட்" (குறிப்பிடத்தக்க)ங்கற சொல் மட்டும் அஞ்சு தடவை வருது, எவ்வளவுன்னு ஒரு இடத்துலயும் இல்ல. உங்க ஆளு எழுதின "சற்று அதிகமாக" இருக்கு பாருங்க, அதே ஜாதிதான். பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வர்றப்ப விண்கலம் உடைஞ்சு ஏழு பேரும் போயிட்டாங்க. ஸ்லைடுதான் காரணம்னு சொல்ல வரல, அடி விழுந்ததுதான் காரணம், அதோட அந்த நிறுவனத்துல முடிவு எடுத்த விதத்துலயும் நிறைய கோளாறுன்னு குழுவே எழுதுச்சு. ஆனா அந்த ஸ்லைடைப் படிச்ச மேலதிகாரிக்கு இது உயிர் போற விஷயம்னு தெரியாமப் போனதுல ஆச்சரியமில்லைன்னும் எழுதியிருக்காங்க.

அதனால என் டீம்ல ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். "அதிகம், கணிசம், ஓரளவு, திருப்திகரம்" இதுல ஒரு சொல் வந்தா பக்கத்துல எண் இருக்கணும், எண்ணுக்குப் பக்கத்துல அலகு இருக்கணும், அதோட எதைவிட அதிகம்னும் இருக்கணும். அலகு சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, 1999ல செவ்வாய் கிரகத்துக்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைஞ்சது அதுலதான். ஒரு பக்கத்து சாஃப்ட்வேர் பவுண்ட் கணக்குல எண்ணைக் குடுக்குது, வாங்குற பக்கம் நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்குது. எண்ணைப் பாத்தா எண்ணாத்தான் தெரியும், கூட அலகு நடந்து வந்தாத்தான் மாட்டும்.

இன்னொண்ணு, பார்த்தது வேற நினைச்சது வேற, ரெண்டையும் ஒரே வாக்கியத்துல கலக்க விடாதீங்க. "லூப்ரிகேஷன் இல்லாததால் பேரிங் சூடாகியிருந்தது"ன்னு எழுதுவாங்க. சூடு நீ அளந்தது. லூப்ரிகேஷன் இல்லைங்கறது திறந்து பாத்தியா, இல்ல யூகமா? யூகம்னா தப்பில்ல, அனுபவசாலியோட யூகத்துக்கு மதிப்பு இருக்கு, ஆனா "காரணம் இதுவாக இருக்கலாம், திறந்து பார்க்கவில்லை"ன்னு தனி வரியில சொல்லிடணும். இல்லைன்னா அடுத்த ஆள் கிரீஸ் மட்டும் அடிச்சுட்டுப் போயிடுவார், பிரச்சனை அலைன்மென்ட்ல, அதாவது ஷாஃப்டுங்க ஒரே நேர்கோட்டுல நிக்காததுல இருக்கும்.

கோப்புக்காரன் எழுதியது:

எல்லாம் சரிங்க, ஆனா இவ்வளவு தூரம் போகணுமா? நல்ல டெம்ப்ளேட் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டா பாதிப் பிரச்சனை தீர்ந்துடும். நோக்கம், முறை, முடிவு, பரிந்துரைன்னு கட்டம் கட்டிக் குடுங்க, அதுல நிரப்பட்டும். எல்லாரும் எழுத்தாளர் ஆகணும்னு அவசியம் இல்லையே.

கையேடு_எழுதுபவள் எழுதியது:

கோப்பு அண்ணா, டெம்ப்ளேட் வேணும்தான், மறுக்கல, படிக்கிறவங்களுக்கு எது எங்க இருக்கும்னு தெரிஞ்சா பெரிய நிம்மதி. ஆனா நான் பாத்த வரைக்கும் யோசிக்கத் தெரியாதவங்க கையில டெம்ப்ளேட் போனா எல்லாக் கட்டத்தையும் நிரப்புறதுதான் வேலைன்னு ஆயிடுது. நோக்கம்ங்கற இடத்துல போன ரிப்போர்ட்ல இருந்து காப்பி, முறைங்கற இடத்துலயும் காப்பி, பரிந்துரைல "தொடர்ந்து கண்காணிக்கவும்". ஒரு தடவை கருவி மாறின பிறகும் ஏழெட்டு ரிப்போர்ட்ல பழைய கருவியோட பேரே வந்துட்டிருந்ததை நான் கண்ணால பாத்தேன். கட்டம் வைக்கிறதுன்னா முதல் கட்டத்தை "படிப்பவர் என்ன செய்ய வேண்டும்"னு வைங்க, அதை மட்டும் காப்பி அடிக்க முடியாது.

நான் யூசர் மேனுவல், மெயின்டனன்ஸ் மேனுவல் எழுதுற ஆளு. உங்க டீம் ரிப்போர்ட் மட்டுமில்லாம வேலை செய்யுற முறையையும் எழுதிக் குடுப்பாங்கன்னு நினைக்கிறேன், அதுக்கு ஒரு விஷயம். தமிழ்ல யோசிக்கிறவங்க எச்சத்துல கோத்துக்கிட்டே போவோம், "வால்வை மூடிட்டு பிரஷர் இறங்கினதும் போல்ட்டைத் தளர்த்தி கவரைக் கழட்டி சீலை எடுத்து"ன்னு ஒரே வாக்கியம். பேசும்போது அழகா இருக்கும், கையில ஸ்பானரோட படிக்கிறவனுக்கு எதுவரைக்கும் முடிச்சோம்னு தெரியாது. விமானத் துறையில எளிய ஆங்கிலத்துக்குன்னு ஏஎஸ்டி-எஸ்டிஇ100னு ஒரு தரநிலை இருக்கு, 1980கள்ல வந்த வேலை. ஆங்கிலம் தாய்மொழியா இல்லாத மெக்கானிக்கும் தப்பில்லாம புரிஞ்சுக்கணும்ங்கறதுக்காகவே செஞ்சது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விளக்க வாக்கியம் 25, ஒரு வாக்கியத்துல ஒரு கட்டளை. ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம், "ஃபாலோ"ன்னா பின்னால வர்றது மட்டும்தான், விதியைக் கடைப்பிடின்னு சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த எண்ணை அப்படியே தமிழுக்குப் போட முடியாது, நம்ம சொல் நீளம், எண்ணிக்கை குறைவா வரும். ஒரு வாக்கியம் ஒரு செயல்ங்கறதை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கங்க.

அதைவிட முக்கியம் வரிசை. "கவரைக் கழற்றவும். கழற்றும் முன் பிரஷர் பூஜ்யம் என்று உறுதி செய்யவும்." இதை எத்தனை இடத்துல படிச்சிருக்கேன்! முதல் வாக்கியம் படிச்சதும் கை வேலை செய்ய ஆரம்பிச்சுடும், ரெண்டாவது வாக்கியம் படிக்கிறப்ப போல்ட்டு பாதி வெளிய வந்திருக்கும். எச்சரிக்கை எப்பவும் செயலுக்கு முன்னாடி வரணும். இது எழுத்து நடை விஷயமே இல்ல, ஆளோட கை கண்ணு விஷயம்.

அதிர்வுமானி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ரிப்போர்ட் பெரும்பாலும் ஆங்கிலத்துலதான் போகணும், மேல போட்டது உங்களுக்குப் புரியணும்னு நான் தமிழ்ல மாத்தினது. பசங்க அந்த மொழிப் பயத்துலயே பழைய ரிப்போர்ட்ல இருந்து பெரிய பெரிய வாக்கியமா எடுத்து ஒட்டுறாங்க. ரெண்டு, முடிவை முதல்ல போட்டா "என்ன இவ்வளவு சுருக்கமா, வேலை செஞ்சீங்களா இல்லையா"ன்னு மேல கேப்பாங்களோன்னு பயப்படுறாங்க. அந்தப் பயம் நியாயம்தான், பக்கம் பாத்து மதிப்புப் போடுறவங்க இருக்காங்க.

பட்டறை டீச்சர் எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு, தமிழ்லயே எழுத விடுங்க தம்பி. இல்ல, ஃபோன்ல பேசி ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க, "என்ன ஆச்சு, என்ன செய்யணும், எப்படித் தெரியும்" மூணுக்கும் பதில். அதை வெச்சு வரிசை போட்டுட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகட்டும். யோசிக்கிறதும் மொழிமாத்துறதும் ஒரே நேரத்துல செய்யச் சொன்னா ரெண்டும் கெட்டுப்போகும். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியம் போதும், "ரீப்ளேஸ் த பேரிங்"னு மூணு சொல்லுல முடியுறதை யாரும் குறைவா நினைக்கப் போறதில்ல.

ரெண்டாவதுக்கு, 1940 ஆகஸ்ட்ல, போர் உச்சத்துல இருக்கும்போது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தன் ஆளுங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார், ரிப்போர்ட் எல்லாம் ரொம்ப நீளம், முக்கியமானதைச் சின்னச் சின்னப் பத்தியா எழுதுங்க, விரிவான கணக்கு எல்லாம் பின்னிணைப்புல போடுங்கன்னு. செஞ்ச வேலையைக் காட்ட அந்தப் பின்னிணைப்புதான் இடம். எத்தனை பக்கம் வேணாலும் போகட்டும், ஒரு ரீடிங்கும் விடவேண்டாம். முதல் பக்கம் மட்டும் முடிவு எடுக்கிறவருக்கு.

இதெல்லாம் வெளியில இருந்து வந்த புதுசுன்னு பசங்க நினைச்சிடக் கூடாதுன்னு நான் ஒண்ணு கரும்பலகையில எழுதிப் போடுவேன். நன்னூல்ல பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்றார் இல்லையா, அதுல குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியதுகூறல், மாறுகொளக்கூறல், மயங்கவைத்தல், மற்றொன்றுவிரித்தல் இந்த ஆறையும் எடுத்துக்குவேன். பசங்க தன் ரிப்போர்ட்டை இல்ல, பக்கத்துல இருக்கிறவங்க ரிப்போர்ட்டை வாங்கி எந்த வரி எந்தக் குற்றம்னு ஓரத்துல குறிக்கணும். "சற்று அதிகம்"னா குன்றக்கூறல், எவ்வளவுன்னு சொல்லாம விட்டது. முதல் பக்கத்துல 7.8, டேபிள்ல 8.7னா மாறுகொளக்கூறல். பம்பைப் பத்திக் கேட்டா கம்பெனி வரலாறு எழுதினா மற்றொன்றுவிரித்தல். திருத்துறதுக்குப் பேரு கிடைச்சதும் பசங்களுக்கு மனசு நோகாது. "நீ எழுதினது சரியில்ல"ன்னா சண்டை வரும், "இங்க மயங்கவைத்தல் இருக்குடா"ன்னா உக்காந்து பாப்பான். அந்தப் பத்துக்கும் அடுத்து பத்து அழகு வருது, அதுல முதல் ரெண்டு, சுருங்கச்சொல்லல், விளங்கவைத்தல். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதைக் கவனிங்க, சுருக்கினது விளங்காமப் போச்சுன்னா அது சுருக்கமே இல்ல.

அதிர்வுமானி எழுதியது:

அம்மா, மூணு வாரம் கழிச்சு வர்றேன். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன், ஒரே ஒரு ரிப்போர்ட் எடுத்து எல்லாரும் ஓரத்துல குற்றம் குறிக்கிறோம், முதல் வாரம் என் பழைய ரிப்போர்ட்டைத்தான் குடுத்தேன், பசங்க தயங்காம பேசட்டும்னு. பதினோரு இடத்துல குறிச்சாங்க, நியாயமாவே குறிச்சாங்க. அந்தப் பம்ப் பையன் நேத்து குடுத்த ரிப்போர்ட்டோட முதல் வரி: "இந்த மோட்டாரை அடுத்த ஷட்டவுன் வரை ஓட்டலாம், வாரம் ஒரு முறை அளக்க வேண்டும், அதிர்வு நொடிக்கு 6.0 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிறுத்தவும்." ஷிஃப்ட் இஞ்சினியர் ஃபோன் பண்ணி ஒரு கேள்விகூட கேக்கல, வாரா வாரம் அளக்க ஆள் மட்டும் போட்டுட்டார்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. சீனியர் ஒருத்தர் இருக்கார், இருபத்தஞ்சு வருஷ அனுபவம், எழுதவே மாட்டேங்குறார், கட்டாயப்படுத்தவும் மனசு வரல. அவருக்குத் தெரிஞ்சது எதுவும் பேப்பர்ல இல்லைங்கறது எனக்குப் பெரிய கவலை.

பட்டறை டீச்சர் எழுதியது:

அவரை எழுதச் சொல்லாதீங்க. அந்தப் பையனை அவர் கூட அனுப்புங்க, அவர் வேலை செய்யுறப்ப இவன் கேட்டு எழுதட்டும். எழுதினதை சாயங்காலம் அவர்கிட்ட வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும், அது கட்டாயம். "அப்படி இல்லடா, முதல்ல தொட்டுப் பாப்பேன், அப்புறம்தான் மீட்டர் வைப்பேன்"னு அவரே திருத்துவார், அந்தத் திருத்தத்தை அவர் வார்த்தையிலயே போடச் சொல்லுங்க, கீழ அவர் பேரும் இருக்கட்டும். ரெண்டு மூணு தடவை தன் பேரைப் பாத்தா பேனாவை அவரே வாங்குவார், எங்க பட்டறையில ரெண்டு பேரு அப்படித்தான் எழுத ஆரம்பிச்சாங்க.